எச்சில், தாலி, வாசற்படி

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் பங்குச் சாமியார் முதலில் கேட்டது ஞானஸ்நானச் சான்றிதழ். அம்மா லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது செல்லாதுப்பா. ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்" என்றார். ஞானஸ்நானம் ஒரு தடவைதானே, அதற்கு எப்படிக் காலாவதித் தேதி? புரியவில்லை. இருந்தாலும் ஒரு சனிக்கிழமை பேராக்கில் நான் பிறந்த ஊருக்குக் காரோட்டிப் போனேன்.

பங்கு அலுவலகத்து ஆன்ட்டி பெரிய பதிவேடு ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார். என் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி. ஓரத்தில் ஒரு குறிப்புக் கட்டம். நான் பதினாறு வயதில் உறுதிபூசுதல் வாங்கியது வேறு ஊரில். அந்தத் தேதியும் இடமும் இங்கே வந்து பதிவாகியிருந்தது. அதன் கீழே காலி. "கல்யாணம் ஆனதும் உங்க ஃபாதர் எழுதி அனுப்புவாரு, நான் இங்க ஏத்திடுவேன்" என்றார் ஆன்ட்டி. ஒருவர் ஓர் ஊரில் கல்யாணம் செய்துவிட்டு இன்னோர் ஊரில் போய் 'நான் பிரம்மச்சாரி' என்று நிற்கக் கூடாது அல்லவா? அதற்காக 1907இல் ரோமாபுரி 'நே தெமெரே' என்ற ஆணையைப் போட்டது. திருமணத்தை ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குறிக்கவேண்டும் என்பது அதில் வந்த விதி. புதுச் சான்றிதழ் கேட்பது ஓரத்துக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் லாக் புக் உண்டு. மெஷினை எங்கே மாற்றினாலும் புத்தகம் ஒன்றுதான். கோயிலில் எனக்கும் அப்படி ஒரு புத்தகம் இருப்பது இருபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

இதற்குள் வீட்டில் வேறு பேச்சு ஆரம்பித்திருந்தது. தாலியில் சிலுவை வைப்பதா, புறா வைப்பதா? பெண் வீட்டில் சிலுவை. எங்கள் பாட்டியின் தாலியில் புறா. நடுவில் ஒரு மாமா, "தாலியே நம்ம வேதத்துல கெடையாது, மோதிரம் மட்டும் போதும்" என்றார். யார் சொல்வது சரி என்று தேடப் போய் 1704க்கு வந்து சேர்ந்தேன்.

கதை அதற்கு நூறு வருடம் முன்பே தொடங்குகிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்ததைப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகமே 'தத்துவ போதகர்' என்று சொல்லியிருக்கும். அவர் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் குலவழக்கம் என்று சொல்லி அனுமதித்தார். கோவாவில் பெரிய சண்டை நடந்தது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்த வழியில் மதுரை மிஷன் வளர்ந்தது.

வளர்ந்த மிஷனில் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுப்பதில் சில மாற்றங்கள் வந்தன. அன்றைய ஞானஸ்நானத்தில் குருவானவர் தன் எச்சிலை விரலில் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவவேண்டும். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு செவிடனை அப்படித்தான் குணமாக்கினார். குழந்தையின் முகத்தில் ஊதவேண்டும், நாவில் உப்பு வைக்கவேண்டும். ஐரோப்பாவில் இது யாருக்கும் உறுத்தவில்லை. தமிழனுக்கு எச்சில் என்பது வெறும் உமிழ்நீர் இல்லை. எச்சில் இலை, எச்சில் தம்ளர், எச்சில் கை என்று நம் மொழியில் அது ஒரு தீட்டின் பெயர். என் பாட்டி கடைசிவரை தம்ளரில் வாய் படாமல் அண்ணாந்துதான் குடித்தார். ஒரு வெள்ளைக்காரச் சாமியார் பிள்ளையின் முகத்தில் எச்சில் தடவுவதை அந்தக் காலத்து மதுரை எப்படிப் பார்த்திருக்கும்? குருக்கள் அந்தச் சடங்கை விட்டுவிட்டார்கள்.

இது ரோமாபுரிக்குப் புகாராகப் போனது. புதுச்சேரியில் கப்பூச்சின் சபைக்கும் இயேசு சபைக்கும் ஏற்கெனவே பங்குத் தகராறு. அந்த நேரத்தில் சீனாவுக்குப் பாப்பரசரின் தூதராகப் புறப்பட்ட ஷார்ல் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் தங்கினார். பெரும்பகுதி நோயில் படுத்திருந்தார். மதுரைப் பக்கம் போகவே இல்லை. தமிழ் தெரியாது. விசாரித்துக் கேட்டதை வைத்து 1704 ஜூன் 23ஆம் தேதி ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஜூலையில் அது வெளியானது, அவர் கப்பலேறிவிட்டார்.

அந்த ஆணையின் சுருக்கத்தைப் படித்தபோது ஒரு தமிழ் வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது. எச்சிலையும் ஊதுவதையும் உப்பையும் விடக்கூடாது. சிலைகளின் பெயரை வைக்கக்கூடாது, புனிதர் பெயர்தான் வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது. கல்யாணத்தில் அரசமரக் கிளை வேண்டாம், தேங்காய் உடைக்க வேண்டாம். கிறிஸ்தவ மேளக்காரர் கோயில் திருவிழாவில் வாசிக்கக்கூடாது. பெண் வயசுக்கு வந்தால் சடங்கு கூடாது.

தாலியும் அதில் இருக்கிறது. பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. வேண்டுமானால் சிலுவையோ இயேசுவின் உருவமோ மாதாவின் உருவமோ பதித்துப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பெண் வீட்டுச் சிலுவைத் தாலிக்கு முந்நூறு வருடத்துக்கு முந்திய எழுத்து ஆதாரம் இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "அப்ப பாட்டியோட புறா?" என்றார். புறா அந்தப் பட்டியலில் இல்லை. பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

பெயர் விஷயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழி எனக்குப் பிடித்தது. புனிதர் பெயரைத் தமிழாக்கி வைத்துக்கொண்டார்கள். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பன். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் கிரீடம், அதனால் முடியப்பன். யோவான் என்றால் கடவுளின் அருள், அதனால் அருளப்பன். தோட்டத்துச் செக்ரோலில் இந்தப் பெயர்களைப் பார்த்த துரைமார்களுக்கு இது எந்த மதம் என்றே தெரிந்திருக்காது.

இன்னொரு விதியை என் வருங்கால மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோயிலுக்கு வராதே, பாவசங்கீர்த்தனத்துக்கு வராதே என்று தடுக்கக் கூடாது என்கிறது ஆணை. "1704லயே சொல்லிட்டாங்களா? எங்க அத்தைக்கு இன்னும் போய்ச் சேரலையே" என்று சிரித்தாள்.

என்னை நிறுத்தியது அடுத்த விதி. பறையர் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் அவருடைய குடிசைக்குள் போய் அவஸ்தைபூசுதல் கொடுக்கவேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இப்படி ஒரு விதி தேவைப்பட்டது ஏன்? சந்நியாசியாக வாழ்ந்த குரு பறைச்சேரிக்குள் கால் வைத்தால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள். ஆகவே சாகக் கிடந்தவரைக் கட்டிலோடு வெளியே தூக்கிவந்தார்கள். இயேசு சபையினர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் இல்லை. 1640 முதலே 'பண்டாரசாமிகள்' என்று இன்னொரு வகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். இவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியாரோடு பழகலாம். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் அந்த வகை. அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தூர்னோனின் ஆணைக்கு எதிராக மிஷன் ரோமாபுரியில் நாற்பது வருடம் வாதாடியதில் மிகக் கடினமாக நின்றது இந்த வாசற்படி விஷயம்தான்.

1734இல் பன்னிரண்டாம் கிளமெந்து எச்சிலுக்குக் கொஞ்சம் இளக்கம் கொடுத்தார். கனமான காரணம் இருந்தால் சில வருடங்களுக்கு விட்டுவிடலாம். 1744 செப்டம்பர் 12ஆம் தேதி பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடைசித் தீர்ப்பை எழுதினார். பறையர் வீட்டுக்குள் போகவேண்டும் என்பதை அவரும் விடவில்லை. அவர்களுக்கென்றே தனிக் குருக்களை வைக்கிறோம் என்று இயேசு சபையினர் முன்வந்தபோது அதைப் பாராட்டி ஏற்றுக்கொண்டார். விதி காப்பாற்றப்பட்டது. மேல்சாதியாரின் சாமியார் வாசற்படியைத் தாண்டவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

அடுத்த வருடமே புதுச்சேரியில் சுவர் பிரச்சினை. கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவரைப் பிரித்து நின்ற சுவர் 1745 அக்டோபரில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்களே போய்ப் பாதிரியாரிடம் கேட்ட பிறகு நடந்தது அது. தெற்கே வடக்கன்குளத்தில் இன்னொரு பிரிவினைச் சுவர் 1910 வரை நின்றது. அது இடிபட்டதும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது.

இதெல்லாம் அங்கே, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கோயில்கள் அந்தக் கரையிலிருந்து வந்தவைதான். இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776இல் புதுச்சேரி மிஷன் பாரிஸ் மறைபரப்புச் சபையின் கைக்கு வந்தது. மலாயாவையும் சிங்கப்பூரையும் கவனித்ததும் அதே சபை. பினாங்கில் 1808இல் தொடங்கிய அவர்களது குருமடம் அதற்கு முன் சில வருடங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில்தான் இருந்தது. சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டி முடிந்த லூர்து மாதா கோயில் தமிழருக்காக எழுந்தது. பாகான் செராய் பக்கம் ஃபாதர் ஃபே தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றினார், அந்த இடத்துக்குச் சூசைப்பாளையம் என்று பெயர். ஆட்கள் வந்த கப்பலில் செபமாலையும் வந்தது. மற்றதும் வந்தது.

என் தாத்தா 2009இல் இறந்தார். தோட்டத்தை விட்டு வெளியேறி வந்த மலிவு விலை வீட்டில், ஹாலில் மெத்தை போட்டுக் கிடந்தார். இரவு பதினோரு மணிக்கு ஃபாதர் வந்தார். சீன இனத்தவர், தமிழில் ஜெபம் மட்டும் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, தாத்தாவின் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். அம்மா கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டுத்தான் போனார். எனக்கு அப்போது அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

போன மாதம் பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முன்னால் கோயிலில் பார்த்தபோது அவர்களுடைய பெரியத்தை ஒருவர் என்னிடம், "தாத்தா இந்தியால எந்த ஊரு தம்பி?" என்று கேட்டிருந்தார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அப்பாவிடம் கேட்டார், அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்டார், அப்பா அதையும் சொன்னார். அன்றைக்கு எல்லாரும் மேலே வந்து பசியாறினார்கள். பெரியத்தை மட்டும் காரிலேயே உட்கார்ந்திருந்தார். கால்வலி, படி ஏற முடியாதாம். எங்கள் வீடு முதல் மாடி. கோயிலில் பாடகர் குழு மாடிக்கு அவர் வாராவாரம் ஏறுகிறார்.

அம்மா ஒரு தட்டில் பலகாரம் வைத்துக் கீழே கொண்டுபோனார். "வேணாம்மா, சுகர்" என்றாராம். இரவு அப்பா, "விடுப்பா, கல்யாணப் பூசைக்கு வந்துருவாங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

நொபிலியை நான் இன்றும் மதிக்கிறேன். தமிழைக் கற்றவர், நம் உணவை உண்டவர். எச்சில் விஷயத்தில் அவர் வழி வந்தவர்கள் சொன்னதுதான் கடைசியில் ஜெயித்தது. 1940இல் இந்தச் சடங்குகள் பற்றிக் குருக்களிடம் வாங்கிவந்த சத்தியத்தை ரோமாபுரி நீக்கியது. 1969இல் வந்த புதுச் சடங்குமுறையில் குழந்தையின் காதையும் வாயையும் விரலால் தொடுவது மட்டும் உண்டு, எச்சில் இல்லை. ஆனால் நம் பண்பாட்டை அத்தனை அன்பாகப் புரிந்துகொண்டவர்கள் அதன் தீட்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டு வெளியே நின்றார்கள். ஒன்றுமே புரியாமல் நோயில் படுத்திருந்த ஓர் அந்நியர் பத்து விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு, ஒன்றில் சரியாகச் சொன்னார்: உள்ளே போ.

வரும் ஞாயிறு எங்களுக்கு முதல் ஓலை. இன்னார் மகன் இன்னாரை மணக்க இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் வாசிப்பார். 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் தொடங்கிய வழக்கம். தடைகள் என்னென்ன என்று வகுப்பில் பட்டியல் கொடுத்தார்கள்: வயது, முந்தைய திருமணம், இரத்த உறவு, குருப்பட்டம், இன்னும் சில. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பெரியத்தையின் தடை அதில் இல்லை.

தாலியில் புறா வைக்கச் சொல்லிவிட்டோம். பாட்டி கேட்டார், அவ்வளவுதான்.