வண்டிலின் முனகலும் வாவியின் உப்பும்

புது வாகனம் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் எல்லாருடைய காதும் கூர்மையாகிவிடும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் சந்நிதியில் நிறுத்தி, சில்லுகளின் கீழே எலுமிச்சங்காய் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிக்கப் வண்டி, மறுநாள் படுவான்கரைக் கிரவல் பாதையில் முதன்முதலாக இறங்கும்போது, பின்னாலே எங்கோ ஒரு ‘கடகட’ச் சத்தம் கேட்கிறது என்று வீட்டுக்காரர் வேகத்தைக் குறைப்பார், பக்கத்தில் இருப்பவர் தமக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பார், பின்னாசனத்துப் பிள்ளைகளோ, அது ‘கடகட’ அல்ல, ‘கிறீச்’ என்று திருத்தம் சொல்வார்கள். மூன்று பேரும் சொல்வதில் உண்மை உண்டு என்பது அனுபவஸ்தரான கராஜ் பாஸுக்கு மட்டுமே தெரியும். சுமையில்லாத பிக்கப்பின் பின்கதவு கொளுவியில் சற்றே ஆடும். ஆசனத்தின் கீழ் வைத்த ஜாக்கும் சில்லுச் சாவியும் தளர்ந்து தாளம் போடும். சுமை தாங்குவதற்கென்றே அடுக்கப்பட்ட வில்லுப்பட்டைகளின் இடையே ஆற்றுமணல் புகுந்தால் அவை ஒன்றோடொன்று உரசி முனகும். மழையில் நனைந்து இரவு முழுவதும் நின்ற வண்டியின் பிரேக் தட்டுகளில் மெல்லிய துருப் படர்ந்து, காலையில் இரண்டு முறை பிரேக் பிடிக்கும் வரைக்கும் கீச்சிட்டு ஓயும். இவற்றுள் ஒன்றேனும் நோயன்று. ஆனால் நோயும் இதே பாஷையில்தான் முதலில் பேசும் என்பதனால், சின்னச் சத்தங்களை அலட்சியம் செய்யலாகாது என்ற ஒரு சம்பிரதாயம் இந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் மோட்டார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வேரூன்றியிருந்தது.

மட்டக்களப்பு, காதினால் புகழ்பெற்ற ஊர். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவியில், நிலவு காயும் இரவுகளில், கல்லடிப் பக்கத்து நீருக்கடியிலிருந்து ஒருவகை இசையொலி எழுவதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டில் இங்கு வந்தபோது இரவில் ஓடமேறிச் சென்று அவ்வொலியைத் தம் காதாலேயே கேட்டு, பின்னர் 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனை விரித்தெழுதினார். ஓடத்தின் மரத்தோடு காதைப் பொருத்தியவுடன் ஒலி பன்மடங்கு தெளிவாகக் கேட்டது என்று அவர் குறித்திருப்பது நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்திய செய்தி. மீன் பாடுகிறது என்றனர் சிலர். ஊரி என்னும் சிப்பியினம் பாடுகிறது என்றனர் மீனவர். சுவாமி விபுலாநந்தரோ, 1947இல் அரங்கேறிய யாழ் நூலில் அவ்வொலியை நீரரமகளிர் இசையாகக் கற்பனை செய்து தமிழிசை ஆராய்ச்சிக்கே ஒரு தோற்றுவாயாக்கினார். பாடுவது எதுவாயினும் ஆகுக. துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்கும் வித்தை இவ்வூர்த் தோணிக்காரருக்குக் கைவந்தது.

அந்த வித்தையை இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் வாவியில் அன்று, கராஜில். என்ஜினில் ஏதோ தட்டுகிறது என்று கொண்டுபோனால், பாஸ் நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் நுனியை என்ஜின் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்போடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பக்கத்திலே நின்று பேசுகிறவனை ஒரு கைச்சைகையால் அடக்குவார். நுனியை நாலு விரற்கடை நகர்த்துவார்; மறுபடி கேட்பார். வைத்தியர் மார்பிலே குழல் வைத்துக் கேட்பதற்கும், ரெனன்ற் துரை ஓடத்து மரத்தில் காது வைத்ததற்கும், இதற்கும் தத்துவம் ஒன்றே: காற்றிலே கலைந்துபோகும் சத்தம் திடப்பொருளின் வழியே கலையாமல் வந்து சேரும்.

இனி வண்டிலின் கதைக்கு வருவோம். மட்டக்களப்பு மக்கள் தம் நாட்டை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரித்து வழங்குவர். வாவிக்குக் கிழக்கே கடலோரத்து மணற்றிட்டில் தென்னையும் சனநெருக்கமும். மேற்கே வயலும் காடும் மாட்டுப் பட்டிகளும். நெல் விளைவது ஒரு கரையில், தின்பவர் பெரும்பாலும் மறுகரையில் என்றால், இடையிலே வண்டிலும் தோணியும் ஓயாமல் உழைத்தாக வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆழமான மணலிலும் மாரிகாலச் சேற்றிலும் நெல்மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிலின் சில்லு, நடுவிலே குடமும், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால்களும், அவற்றைத் தழுவும் வட்டும், வட்டின்மேல் இரும்புப் பட்டையுமாகப் பல துண்டுகள் சேர்ந்த ஒரு சிற்பம். துண்டுகள் பலவாதலால் சத்தங்களும் பல. கச்சான் காற்று வீசும் கோடையில் மரம் வற்றிச் சுருங்க, ஆரக்கால் குடத்தில் ஆடி ‘டொக்கு டொக்கு’ என்னும். எண்ணெய் வற்றிய அச்சு நெடுந்தூரம் கேட்கும்படி அலறும். கடையாணி தேய்ந்தால் சில்லு பக்கவாட்டில் நகர்ந்து ‘சளக்’கென்று இடிக்கும்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு பரிகாரம் இருந்தது. ஆடுகின்ற சில்லைக் கழற்றி இரவு முழுவதும் குளத்து நீரில் ஊறப்போட்டால் மரம் ஊதி மூட்டுகள் இறுகிக்கொள்ளும். அச்சு அலறினால், வைக்கோற் கரியை எண்ணெயில் குழைத்த வண்டிமையைப் பூசுவார்கள். பட்டையே தளர்ந்துவிட்டால் கொல்லனிடம் போக வேண்டும். அவன் பட்டையைச் சிறிது குறுக்கி, வட்டமாக அடுக்கிய விறகிலே கிடத்தி, செந்நிறமாகும் வரை காய்ச்சி, நாலு பேர் குறடுகளால் தூக்கிவந்து சில்லின்மேல் பொருத்த, மரம் தீப்பற்றிப் புகையும் அந்தக் கணத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவான். குளிர்ந்து சுருங்கும் இரும்பு, ஆரக்கால்களையெல்லாம் குடத்தை நோக்கி நெருக்க, சில்லு முழுவதும் ஒருமுறை ‘கிறுகிறு’வென்று முனகி அடங்கும். சில்லு எழுப்புகின்ற சத்தங்களுள் கொல்லனும் வண்டிற்காரனும் சந்தோஷத்துடன் கேட்பது அது ஒன்றுதான்.

“வண்டிலுக்கும் வாயிருக்கு மனே, பசிச்சாக் கத்தும்” என்று படுவான்கரை முதியவர் ஒருவர் எனக்குச் சொன்னதுண்டு. பண்டைத் தமிழரும் இதனை நன்கு அறிந்தவரே. மேட்டிலும் பள்ளத்திலும் நெடுந்தூரம் உப்பு ஏற்றிச் சென்ற உமணர், வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்றெண்ணி, வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தை, பொகுட்டெழினி என்னும் தலைவனைப் புகழவந்த ஔவையார் புறநானூற்றிலே உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: உமணருக்கு உப்பு வண்டியின் மேலே இருந்தது; மட்டக்களப்பாருக்கு அது வண்டியின் அடியிலே இருந்தது.

அந்த உப்பின் விருத்தாந்தத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கல்லடிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் நிற்கும் வாகனத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே உவர்நீர் வாவி. அலைத்துளிகளிலிருந்து காற்றேறி வரும் நுண்ணிய உப்பு, கதவிலும் கூரையிலும் அடித்தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் அவ்வுப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும் இயல்புடையது. ஆகையால் மழையில்லாத இரவிலுங்கூட இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் ஒன்று விரிந்திருக்கும். நல்ல நீரைவிட உப்புநீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவதால் துருவும் விரைந்து பிறக்கும். மேற்பூச்சிலே கல் தெறித்த ஒரு சிறு வடு போதும். அதன் வழியே நுழைந்து, பூச்சுக்கு அடியிலே பரவி, கொப்புளமாக எழும்பி, உரிமையாளர் காணும் நாளில் உள்ளே பாதி தின்று முடித்திருக்கும்.

தோணிக்காரர் இதற்கு மருந்து கண்டிருந்தார்கள். சுறாவெண்ணெயைத் தோணியின் மரத்துக்கு ஊட்டி, உப்பும் புழுவும் அணுகாமல் காத்தனர். அந்த ஞானமே பிற்காலத்தில் மோட்டாருக்கும் தாவியது. பாவித்த என்ஜின் ஒயிலை வண்டியின் அடிப்பாகத்தில் விசிறும் பழக்கம் கரையோரமெங்கும் பரவிற்று. மழையில் அவ்வெண்ணெய் வழிந்து வாவியைச் சேர்ந்து மீனுக்கும் இறாலுக்கும் கேடு செய்யும் என்பதனால் இன்று அதனைச் சிபாரிசு செய்வதற்கில்லை. அண்டர்சீல் பூசிக்கொள்வதே தகும்.

மோட்டார் வாகனம் இங்கு எளிதாக ஓடித் திரிந்துவிடவில்லை. நகரத்துக்கும் தென்கரைக்கும் இடையே வாவி குறுக்கே கிடந்தது. வில்லியம் மனிங் தேசாதிபதியாக இருந்த காலத்தில், 1924ஆம் ஆண்டு, அவருடைய மனைவியார் பெயரால் கல்லடியில் இரும்புப் பாலம் எழுந்தது. 1928இல் புகைவண்டி வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உழவு இயந்திரங்களையும் பெரும் பார வண்டிகளையும் தென்புறத்துக்குக் கொணர்ந்தது. பாலமில்லாத துறைகளில் வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு இவ்வூரார் இட்ட பெயர் ‘பாதை’. தண்ணீரின்மேல் நகரும் பலகைத்தளத்தைப் பாதை என்று அழைத்த மக்களின் சொல்லாட்சியை வியக்காமலிருக்க முடியாது. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போனவர்கள் அத்தகைய பாதையில் ஏறியே வாவியைக் கடந்தார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உவர்நீரில் சில்லு நனைந்த வண்டியை, வீடு சென்றதும் நன்னீரால் கழுவாமல் விடுவது அக்காலத்துச் சாரதிகளுக்குப் பெரும் குறைவு.

வாகனத்தின் வெளிப்புறம் ஒருகாலத்தில் அரசியல் களமாகவும் ஆயிற்று. 1957ஆம் ஆண்டில் இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமானபின், தமிழரசுக் கட்சியினர் தாரும் தூரிகையுமாகப் புறப்பட்டு அவ்வெழுத்தை அழித்தனர். அப்போராட்டத்தில் தண்டனை பெற்ற தந்தை செல்வநாயகம் மட்டக்களப்புச் சிறையிலே இருந்தார். பின்வந்த யுத்த காலத்திலோ, வண்டியின் அடிப்பாகத்தை உரிமையாளரைக் காட்டிலும், கோலிலே கண்ணாடி கட்டிக் காவலரணில் நின்றவர்களே அதிகம் பார்த்தார்கள். சின்னச் சத்தத்துக்குச் செவிகொடுக்க அப்பொழுது யாருக்கும் ஓய்வில்லை. பெரிய சத்தங்களே போதுமானவையாக இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபின், நிவாரணப் பணிக்கென வந்த வெள்ளை நிற இரட்டைக் கபின் பிக்கப்புகள் கரையோரமெங்கும் பழகிய காட்சியாயின. வயலுக்கும், மீன்வாடிக்கும், கோவிலுக்கும், கலியாண வீட்டுக்கும் ஒருங்கே உதவும் வண்டி இது என்று ஊரார் கண்டுகொண்டனர்.

ஆகவே, இன்று புது பிக்கப் வாங்குபவர் செய்ய வேண்டியவை புதியன அல்ல. வாரத்துக்கு ஒருமுறையேனும் நன்னீர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுக. உவர்க்கிணற்று நீரால் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும். முதலில் அடிப்பாகமும் சில்லு மறைவுகளும், பின்னர் கூரையிலிருந்து கீழ்நோக்கி. தேங்காய்த் தும்பு வண்டில் மாட்டுக்கு உகந்தது. வர்ணத்துக்கு மெல்லிய துணியே உகந்தது. கதவுகளின் கீழ் விளிம்பிலே நீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் உண்டு. அவை மணலால் அடைபட்டால் கதவுக்குள்ளே ஒரு குட்டி வாவி தேங்கிவிடும். அவற்றைத் திறக்க எந்தக் கடையிலும் கருவி வாங்க வேண்டியதில்லை; முற்றத்து ஈர்க்கில் ஒன்று போதும். சந்நிதியில் இட்ட சந்தனத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் அன்று மாலையே கழுவிவிடலாம். தெய்வம் கோபிக்காது, வர்ணம் கோபிக்கும். சத்தம் கேட்டால், முதலில் ஜாக்கைத் துணியில் சுற்றி வைத்துப் பார்க்க. பின்கதவைக் கையால் அசைத்துப் பார்க்க. சில்லின் பிளவிலே கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க. அதன்பிறகும் சத்தம் தொடர்ந்தால், எந்த வேகத்தில், எந்தப் பாதையில், சுமையோடா சுமையின்றியா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கராஜுக்குச் செல்க. பாஸின் வேலையில் பாதி அதிலே முடிந்துவிடும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில், இருந்த வண்டியே வண்டி என்ற நிலையில், காது கொடுத்தவர்களின் வாகனங்கள் ஓடின. கொடாதவர்களின் வாகனங்கள் வேலியோரத்தில் துருவேறி நின்றன.