எமது கரையில் முதற் காலடிகள்

"இலங்கைக்கு முதலில் வந்தவர் யார்?" என்று வரலாற்று ஆசிரியர் கேட்பார். "விசயன்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலிற் கூவும். கி. மு. 543 என்று ஆண்டையும் சேர்த்துச் சொன்னவனுக்கு ஒரு 'நல்லது' கிடைக்கும். நான் பயின்ற பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், கடைசி வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, "அப்படியானால் சேர், குவேனி எங்கிருந்து வந்தாள்?" என்று கேட்டுவிட்டான். ஆசிரியர் சிரித்தார். மணியும் அடித்தது. அத்தோடு பாடம் முடிந்தது.

பல்கலைக்கழகம் புகுந்தபின் அவ்வினா வேறு வடிவில் என்னிடமே வந்தது. விடுதி நண்பன் ஒருவன், பகையேதுமின்றி, "உங்கள் ஆட்கள் இந்நாட்டுக்கு எப்போது வந்தவர்கள்?" என்று கேட்டான். என் வாயிற் சட்டென விடை வரவில்லை. அன்று சொல்ல முடியாததை இன்று எழுத முயல்கிறேன்.

முதலிற் குவேனியைப் பார்ப்போம். கி. பி. 5ஆம் நூற்றாண்டளவில் எழுந்த மகாவம்சமே, விசயன் கரையேறியபோது அவள் ஒரு மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்கிறது. அவள் விசயன் கூட்டத்தாருக்கு அளித்த அரிசியோ, முன்னர் வந்த வணிகரின் கப்பல்களிலிருந்து கிடைத்தது. ஆகவே, முதல் மனிதன் வந்ததாகக் கூறப்படும் அதே கதையில் நூற்கத் தெரிந்த பெண்ணும் இருக்கிறாள். அதற்கு முன்னரே வந்த கப்பல்களும் இருக்கின்றன. கதையைக் கதையாகவே கொண்டாலும், அது வெறுந் தீவைப் பற்றிய கதையன்று. அவன் இறங்கிய தம்பபண்ணி எமது வடக்கேயுள்ள குதிரைமலையை அடுத்த செம்மண் கரையே என்று எங்களூர்ப் பெரியவர்கள் சாதிப்பார்கள். அவ்வாறு சாதிக்கும் ஊர்கள் வேறும் உண்டு. அவ்வழக்கிற்குள் நான் புகவில்லை.

உண்மையான பழமை கரையிலன்று, மலைச்சாரற் குகைகளிற் கிடைத்திருக்கிறது. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகை, குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்ப லென, கித்துல்கலைப் பெலி லென ஆகியவற்றில் சிறான் தெரணியகலவும் அவருக்குப் பின் வந்தோரும் அகழ்ந்தனர். பாகியன் குகையில் மனிதர் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர் என 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவர்கள் படிகக்கல்லிற் சின்னஞ்சிறு கருவிகள் செய்தனர்; எலும்பிலே அம்புமுனை கூராக்கினர்; குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடினர். அடர்ந்த மழைக்காட்டில் ஆதிமனிதன் பிழைத்திருக்க மாட்டான் என்ற பழைய எண்ணத்தை இக்குகைகள் தகர்த்துவிட்டன. என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. கடலிலிருந்து பல மைல் உள்ளேயுள்ள இக்குகைகளிற் கடற் சிப்பிகளும் சுறாப்பல்லும் கிடைத்தன. மலைவாழ்நன் கரையை அறிந்திருந்தான், அல்லது கரைவாழ்நன் மலைக்குப் பண்டம் அனுப்பினான். பலாங்கொடை மனிதன் எனப்படும் அம்மக்களின் எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடி, இன்றைய வேடருக்கு அவர்களோடு உறவுண்டு என்று கண்டார்.

அவர்கள் எவ்வாறு வந்தனர்? நடந்தே வந்திருக்கலாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்து நீரிற் பெரும்பங்கு பனிப்பாறையாய் உறைந்திருந்த காலத்தில், கடல் இன்றைக்கு 120 மீற்றர் தாழ்ந்து கிடந்தது. அதற்கு முன்னரும் நெடுங்காலம் அது இன்றைய மட்டத்துக்குக் கீழேயே இருந்தது. இராமர் அணையருகே இன்றுங்கூடச் சில இடங்களில் ஓராள் ஆழமே உண்டு. எனவே இலங்கை அன்று தீவன்று, இந்தியாவின் தென்கோடி. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான் கடல் மீண்டும் ஏறி எம்மைப் பிரித்தது. எமது மீனவர் இன்று வலை வீசும் இடத்தில் அன்று எவரேனும் அடுப்பு மூட்டியிருக்கக்கூடும். கரையோரமாக வந்தவர்களின் தடயங்களிற் பெரும்பாலானவை கடலுக்கடியிலேயே கிடக்கின்றன.

இவ்விடத்திற் குமரிக்கண்டத்தை நினையாத தமிழர் இலர். கடல்கோள் பற்றிய பழைய நினைவில் உண்மையின் சாயல் இருத்தல் கூடும். கடல் ஏறியது மெய்யே. ஆயினும் மூழ்கியது கரையோர நிலமேயன்றி ஒரு பெருங்கண்டமன்று. 'லெமூரியா' என்னும் பெயரோ, 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் லெமூர் என்னும் விலங்கின் பரம்பலை விளக்கச் சூட்டியது. கண்டங்கள் நகர்வதை அறிஞர் உணர்ந்தபின் அக்கொள்கை வீழ்ந்தது. சொல்லக் கசப்பாயினும் சொல்லியாக வேண்டும்.

மெய்யாகவே கடல் கடந்து ஒரு பெருங்கண்டத்தைக் குடியேற்றியோர் அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளே. கடல் தாழ்ந்த காலத்திலும் அந்நிலம் ஆசியாவோடு ஒட்டியதில்லை. ஆகவே 50,000 ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் தெப்பமோ தோணியோ ஏறியிருத்தல் வேண்டும். அவர்களிடையே காணப்படும் 'எம் 130' என்னும் மரபணு அடையாளத்தை மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் முதலியோர் மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் கண்டனர். மதுரையார் அவுஸ்திரேலியா சென்றனர் என்பது இதன் பொருளன்று. ஆபிரிக்காவிலிருந்து கரையோரமாகக் கிழக்கே சென்ற ஒரே பழங்கூட்டத்தின் வழித்தோன்றல்கள் இருபுறத்தும் எஞ்சினர் என்பதே பொருள். அக்கூட்டம் செல்லும் வழியில் எமது கரையும் இருந்தது.

இனி எமது அயலுக்கு வருவோம். எழுவன்குளத்துச் சப்பாத்தால் கலா ஓயாவைக் கடந்து வடக்கே போனால், வில்பத்துக் காட்டினுள் பொம்பரிப்பு. சென்ற ஆண்டு, ஆற்றில் நீர் வற்றிய காலத்தில், சிறிய தகப்பனாருடன் அங்கு போயிருந்தேன். காட்சிக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பற்றை, மணல், எறும்புப் புற்று. ஆயினும் அம்மண்ணுக்கடியில் ஈமத்தாழிகள் வரிசை வரிசையாக உள்ளன. 1920களில் ஹோக்காட்டும், 1956இல் போல் தெரணியகலவும், 1970இல் விமலா பெக்லி குழுவினரும் அங்கு அகழ்ந்தனர். உடலை அப்படியே இடாமல், பின்னர் எலும்புகளைப் பொறுக்கித் தாழியிலிட்டு, சிறு கலங்களும் உடன்வைத்துப் புதைத்திருக்கின்றனர். ஒரே தாழியிற் பலருடைய எலும்புகளும் உண்டு. கறுப்புச் சிவப்பு மட்கலம், இரும்பு, வெண்கலம், மணி ஆகியனவும் கிடைத்தன. கிறித்துவுக்கு முந்திய சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை இவை என்பர்.

மன்னார்க் குடாவின் மறுகரையில், தாமிரபரணி ஆற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் றீ அகழ்ந்தெடுத்த தாழிகளை அறிந்தவர்க்கு இவை புதியனவல்ல. ஆற்றின் பெயரும் தம்பபண்ணியும் ஒரே சொல்லின் இருவடிவம் போல ஒலிப்பதும் கவனிக்கத்தக்கது. இதனால் அவர்கள் தமிழ் பேசினர் என்று கூறிவிடலாமா? நண்பர் சிலர் கூறிவிடுகின்றனர். எழுத்தில்லாத பானை மொழியைச் சொல்லாது. ஆனால் இறந்தோரை ஒரே முறையில் அடக்கம் செய்த மக்கள் குடாவின் இருகரையிலும் வாழ்ந்தனர் என்பதை அது சொல்கிறது. போதாதா?

விடுதி நண்பனுக்கு இப்போது என்ன சொல்வேன்? "எந்த ஆட்களைக் கேட்கிறாய்?" என்பேன். நடந்து வந்தோர், தோணியில் வந்தோர், முத்துக் குளிக்க வந்தோர், வணிகத்துக்கு வந்து தங்கினோர் எனப் பலர் இக்கரையிற் கலந்திருக்கின்றனர். அவன் முன்னோரும் அவர்களுள் இருக்கலாம். பொம்பரிப்பிலிருந்து திரும்பும்போது சிறிய தகப்பனாரிடம், "ஒரு தாழியில் ஏன் பலர்?" என்று கேட்டேன். அவர் வாழ்நாள் முழுதும் கடற்றொழில் செய்தவர், வரலாறு படித்தவரல்லர். "ஒரு வீட்டுச் சனமாயிருக்கும்" என்றார்.