பிஸென் பூச்சாடியின் வரலாறு

ஜப்பானின் ஒகயாமா மாகாணத்தில் உள்ள இம்பே என்னும் சிற்றூர்தான் பிஸென் மட்பாண்டங்களின் தாயகம். மெருகுப் பூச்சு எதுவும் இல்லாமல், மரபாக விறகுத் தீயில் சுட்டெடுக்கப்படும் பாண்டங்கள் இவை. இன்று வீட்டில் வைப்பதற்காகத் தேடி வாங்கப்படும் பிஸென் பூச்சாடி, பூவுக்கென்று பிறந்ததல்ல. தானியத்துக்கும் தண்ணீருக்கும் அரைப்பு வேலைக்கும் செய்த கலங்களைத் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் புதிய கண்ணோடு பார்த்ததில் தொடங்குகிறது அதன் கதை.

இந்தத் தொழிலின் வேர், 5ஆம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த 'சூயே' என்னும் சாம்பல் நிற மட்கல மரபில் இருக்கிறது. ஒக்கு வட்டாரத்தில் அவ்வகைக் கலங்களைச் சுட்டுவந்த குயவர்கள், 12ஆம் நூற்றாண்டுவாக்கில் இம்பே மலையடிவாரத்துக்கு இடம் மாறினார்கள். தொடக்கத்தில் சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுட்டதால் பாண்டம் சாம்பல் நிறமாகவே வந்தது. காற்றைத் தாராளமாக விட்டுச் சுடத் தொடங்கியதும் செம்பழுப்பானது. பெரிய சால்கள், வாய் குறுகிய சாடிகள், உட்புறம் சீப்பால் வரிவரியாகக் கீறிய அரைப்புச் சட்டிகள் ஆகிய மூன்றும்தான் அன்றைய முக்கியச் சரக்கு. எறிந்தாலும் உடையாது என்று பெயரெடுத்தது பிஸென் அரைப்புச் சட்டி. செத்தோ உள்நாட்டுக் கடல் வழியே இவை படகுகளில் போயின. நவோஷிமா தீவருகே மூழ்கிய சரக்கு பிற்காலத்தில் கடலடியிலிருந்து மீட்கப்பட்டிருக்கிறது. தேவை பெருகியதால் இம்பேயில் பல குடும்பங்கள் சேர்ந்து எரிக்கும் பொதுச் சூளைகள் எழுந்தன. அவற்றில் தெற்குப் பெருஞ்சூளையின் நீளம் சுமார் 54 மீட்டர்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இம்பே பகுதி நெல்வயல்களுக்கு அடியில் கிடைக்கும் 'ஹியோசே' களிமண் கறுத்தது, பிசுபிசுப்பானது, இரும்புச்சத்து மிகுந்தது. அறுவடைக்குப் பிறகு தோண்டி எடுத்து, வெயிலிலும் மழையிலும் போட்டு, ஆண்டுக்கணக்கில் பதப்படுத்துவார்கள். தீயில் மிகவும் சுருங்கும் மண் இது. மெருகு பூசினால் ஒட்டாமல் உரியும். அவசரமாகச் சூடேற்றினால் விரிசல் விடும். அதனால் செம்பைன் விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, இரவு பகலாக 10 முதல் 14 நாட்கள்வரை எரித்து, வெப்பத்தை 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றுகிறார்கள். பூச்சில்லாத தோற்றம் அந்த மண்ணின் குணம் விதித்தது. அதற்கு அழகென்று பெயர் வந்தது பிற்பாடு.

நிறங்களை முடிவு செய்வது சூளைக்குள் சாடி இருந்த இடம். தீவாய்க்கு அருகே நின்ற சாடியின் தோளில் பைன் சாம்பல் விழுந்து, உருகி, மஞ்சள் புள்ளிகளாகப் படியும். அதை 'கோமா', அதாவது எள் என்பார்கள். தரையோரம் சாம்பலிலும் கரியிலும் புதைந்த பக்கம் நீலச் சாம்பல் நிறமாகும், இது 'சங்கிரி'. எல்லாவற்றிலும் வியப்பானது 'ஹிதசுகி'. அடுக்கும்போது பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையில் வைக்கோல் வைத்தார்கள். நெல் வைக்கோலின் பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து, வெளிறிய உடலில் செந்நிறக் கோடுகளை இழுத்தது. ஒட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு அலங்காரமாக மாறியது இப்படித்தான்.

15ஆம் நூற்றாண்டுவரை ஜப்பானிய மேட்டுக்குடி இல்லங்களில் மலர் ஏந்தியவை பெரும்பாலும் சீனத்து வெண்கலக் குடுவைகளும் பச்சை மெருகிட்ட செலடான் சாடிகளும்தான். எளிமையை முன்வைத்த தேநீர் மரபு இந்த வழக்கத்தை அசைத்தது. அதன் முன்னோடி முராத்தா ஜுகோ (1423–1502) தம் சீடருக்கு எழுதிய கடிதத்தில், பக்குவம் வராத தொடக்கநிலையினர் பிஸென் பாண்டங்களையும் ஷிகாராகி என்னும் வேறொரு குயவூரின் பாண்டங்களையும் வைத்துக்கொண்டு தேர்ந்தவர்போல் நடப்பதைக் கண்டிக்கிறார். கண்டிக்கும் அளவுக்கு அந்த மோகம் அப்போதே பரவியிருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஷிகாராகி, இகா ஆகிய குயவூர்களில் விதைகள் போட்டுவைத்த குட்டிச் சாடிகளைத் தேநீர் ஆசான்கள் எடுத்துப் பூ வைத்தார்கள். குந்தியிருக்கும் ஆளைப் போன்ற உருவத்தால் அவற்றுக்கு 'உசுகுமாரு' என்று பெயர்.

சென் நோ ரிக்யூவின் (1522–1591) காலத்தில் இந்தச் சுவை உச்சம் தொட்டது. இம்பே குயவர்களும் தேநீர் அறைக்கென்றே பூச்சாடிகள் செய்யத் தொடங்கினார்கள்: கழுத்து நீண்டவை, இருபுறமும் காது வைத்தவை, தூணில் மாட்டுபவை. ரிக்யூவின் சீடர் ஃபுருத்தா ஒரிபே கோணலையும் நெளிவையும் விரும்பியவர். அக்காலச் சாடிகளில் மூங்கில் அலகால் இழுத்த ஆழமான கீறல்களும் வேண்டுமென்றே குலைத்த வடிவமும் தெரிகின்றன. மலர்க்கலங்களுக்கு மூன்று படிநிலைகள் வகுக்கப்பட்டன. வெண்கலமும் செலடானும் முதலாவது, மெருகிட்ட மண்கலம் இரண்டாவது, பிஸென் போன்ற பூச்சற்ற மண்ணும் மூங்கிலும் மூன்றாவது. ஒவ்வொரு படிக்கும் சாடியின் அடியில் வைக்கும் பலகைகூட வேறு.

எடோ காலத்தில் ஒகயாமாவின் இகெதா பிரபுக்கள் இம்பே குயவர் குடும்பங்களை ஆதரித்தார்கள். ஆனாலும் அரித்தாவின் வெண்பீங்கான் சந்தையைப் பிடித்ததும் பிஸென் ஒதுங்கியது. மெய்ஜி ஆட்சியில் அந்த ஆதரவும் போய், வடிகால் குழாய் செய்து பிழைக்கும் நிலை வந்தது. தொழிலை மீட்டவர்களில் முதன்மையானவர் கனேஷிகே தோயோ (1896–1967). மண்ணையும் சூளை எரிப்பையும் மறுபடி ஆராய்ந்து, 16ஆம் நூற்றாண்டின் நிறங்களை மீண்டும் வரவழைத்தார். 1952இல் சிற்பி இசாமு நொகுச்சி இம்பே வந்து அவரோடு பணிபுரிந்தார். 1956இல் கனேஷிகே 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆனார். ஃபுஜிவாரா கெய், யமமோத்தோ தோஷூ முதலியோர் பின்னர் அந்தச் சிறப்பைப் பெற்றார்கள். 1982இல் பிஸென் தொழிலுக்கு அரசின் மரபுக் கைவினை அங்கீகாரம் கிடைத்தது.

இன்று சாடி தேர்ந்தெடுப்போரின் கவனமும் இந்த வரலாற்றையே பின்பற்றுகிறது. விறகுச் சூளையில் வெந்த சாடிக்குத் தீ பட்ட பக்கமும் படாத பக்கமும் வேறுவேறாக இருக்கும்; சுற்றித் திருப்பிப் பார்த்து, முகமாக நிற்கும் பக்கத்தை முடிவு செய்வதே முதல் வேலை. ஹிதசுகிக் கோடுகளை மின்சூளையிலும் உண்டாக்கலாம் என்பதால், எப்படிச் சுட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வாய் குறுகலான சாடி ஓரிரு தண்டுகளுக்குப் போதும்; தேநீர் அறை வழக்கும் அதுதான், குளிர்காலத்தில் ஒற்றைக் கமேலியா மொட்டு. பிஸென் சாடியில் தண்ணீர் கெடாது, பூ நெடுநாள் வாடாது என்று நெடுங்காலமாக நம்புகிறார்கள். புதுச் சாடியில் சிறிதளவு நீர் கசியலாம். ஆகவே தண்ணீர் நிரப்பி ஓரிரவு வைத்துச் சோதித்த பிறகே மரமேசைமேல் வைக்க வேண்டும். பூ வைப்பதற்கு முன் சாடி முழுவதையும் நீரில் நனைத்துத் துடைப்பது இம்பேயில் இன்றும் உள்ள பழக்கம். ஈரம் ஏறியதும் செம்பழுப்பு ஆழமாகி, சாம்பல் படிந்த இடங்கள் எடுப்பாகத் தெரியும்.