பாரதி பாட்டும் நான் அனுப்பிய பிடிஎஃபும்

கொஞ்சம் நீளமான பதிவு. சமையல் வேலை முடிந்து ஆற அமரப் படியுங்கள்.

போன மாதம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாவலின் பிடிஎஃப் போட்டேன். யாரோ எனக்கு அனுப்பியது. "நம்ம பொண்ணு எழுதினது, எல்லாரும் படிங்க" என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள் எழுதியது. நாலு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "டீச்சர், கோபமெல்லாம் இல்ல. ஆனா 300 காப்பி அடிச்சோம். பாதிக்கு மேல கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

படிக்கத்தானே எடுக்கிறோம், இதில் என்ன தப்பு என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். துணைக்கு பாரதியாரை இழுப்பேன். பாரதி பாட்டைப் பாட யார் காசு கேட்டார்கள் என்பேன். கேட்டிருக்கிறார்கள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பயிற்சிப் பள்ளியில் படித்த கதைதான், எனக்கு வேண்டிய பாதியை மட்டும் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

1920இல் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டு, நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் பணம் கேட்டார் பாரதி. தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் போய்விட்டார். பிறகு செல்லம்மாள் தாமே புத்தகம் போட்டுப் பார்த்தார். 1928இல் பாட்டுப் புத்தகங்களை அரசு பறிமுதல் செய்தது. கடைசியில் நூல்களின் உரிமை பாரதியின் தம்பி விசுவநாதனிடம் போயிற்று.

பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியாக ஒரு வியாபாரியிடம் விற்கப்பட்டது. (இன்றைய ஓடிடி உரிமை, சாட்டிலைட் உரிமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதை ஏ.வி. மெய்யப்பன் வாங்கினார். 1947இல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. அடுத்த ஆண்டே டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்தது. உரிமை யாருக்கு என்று சண்டை கிளம்பியது. நாட்டுக்காகப் பாடியவரின் பாட்டுக்கு முதலாளியா என்று தமிழ்நாடே கேட்டது. நாரண. துரைக்கண்ணன் போன்றவர்கள் செல்லம்மாளை நேரில் பார்த்து ஒப்புதல் கேட்டார்கள்.

1949இல் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கியது. மெய்யப்பன் தம்மிடம் இருந்ததைக் காசு வாங்காமல் கொடுத்தார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000.

நான் மறந்திருந்த பாதி இதுதான். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் முன், அந்தக் குடும்பத்திடம் கேட்டு, பணமும் கொடுத்திருக்கிறார்கள். அது போதுமான தொகையா? பத்து மடங்கு கொடுத்திருந்தாலும் எனக்குக் குறைவாகத்தான் தோன்றும். ஆனாலும் கேட்டார்கள். நான் என் மாணவியிடம் கேட்கக்கூட இல்லை.

பிடிஎஃப் எதையும் தொடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பாரதிக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியுள்ளன. கல்கியும் அதில் உண்டு. மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த நூல்கள் இருக்கின்றன. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் சட்டப்படியும் பொதுச்சொத்துதான். (முன்பு 50. தாகூர் நூல்களின் உரிமை முடியப் போன சமயத்தில்தான் 60 ஆக்கினார்கள்.) வகுப்பில் பாடம் நடத்த நகல் எடுப்பதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் நான் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து என்னைக் கேலி செய்யாதீர்கள்!

குழுவில் போட்டதை நீக்கப் பார்த்தேன், நாள் கடந்துவிட்டதால் எல்லோருடைய போனிலிருந்தும் நீக்க முடியவில்லை. அவளிடமிருந்து 10 பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். விலை 180 ரூபாய். போனில் படித்து முடித்தவர்களும் வந்து வாங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், காபி உண்டு.