கல் உடைக்கும் கை

மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகளை எழுப்பிய ஆதிகாலத்து ஜனங்கள் முதல், இறந்த வீரர்களுக்கு நடுகல் நாட்டிய ஊரார் வரை, ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தில் பாறையோடு பழகியவர்கள் எல்லோரும் உளியையும் சம்மட்டியையும் தம் தேகபலத்துக்கு இசைந்த வேகத்திலேயே பிரயோகித்து வந்தார்கள். கை சோர்ந்தால் கருவியும் ஓய்ந்தது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரானைட் வாணிபம் விருத்தியடைந்து, 1978-ல் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமினும் தோன்றி, இப்பக்கத்துப் பாறை 'பாரடைசோ' என்ற பெயரோடு கடல் கடந்து போகலாயிற்று. அந்த வாணிபத்துக்குக் கையுளியின் வேகம் போதவில்லை. கம்ப்ரசர் காற்றில் இயங்கும் ஜாக்ஹாமர் குவாரிகளில் நிலைபெற்றது.

ஆப்பு இறக்குவதற்காக வரிசையாகத் துளை போடுகிறவரின் உள்ளங்கையில் அந்தக் கருவியின் அதிர்வு ஓயாமல் இறங்குகிறது. வருஷங்கள் செல்லச் செல்ல விரல்களின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெட்டு, குளிர் பட்டதும் குழாய்கள் இறுகிவிட, விரல் நுனி சுண்ணாம்பாய் வெளுத்து மரத்து, நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து கடுக்கிறது.

அதிர்வில்லாமலே, குளிராலும் மனக்கலக்கத்தாலும் கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் நேரும் இத்தகைய வெளிறலை 1862-ல் பாரிஸில் மோரிஸ் ரேனோ என்ற வைத்தியர் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அது பெண்களையே அதிகம் பற்றுவது. காற்றுக் கருவி பிடித்த இத்தாலியச் சுரங்கத் தொழிலாளரிடம் அதே குறிகளை லோரிகா என்பவர் 1911-ல் கண்டார். அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்துப் பெட்ஃபோர்டில், சுண்ணாம்புக்கல் செதுக்குவோரின் உளி பிடிக்கும் இடது கை குளிர்காலக் காலைகளில் வெளுத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் வைத்தியர் 1918-ல் ஆராய்ந்து எழுதினார். கல்தொழிலாளியின் விரலைத் தொட்டுப் பார்த்து எழுதிய அம்மையாரின் சிரத்தை இன்றும் வணங்கத்தக்கது.

உஷ்ண தேசத்தில் இவ்வியாதி ஏது என்று நம்மவர் எண்ணக்கூடும். ஆனால் ஓசூர் சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில் இரும்பைத் தொட்டால் விரல் சில்லிடும். மேலும், வெயில் வெளிறலைத்தான் மறைக்கும். நரம்பின் சேதத்தை மறைக்காது. குளிருக்காகப் பற்றவைக்கும் பீடியின் நிகோடினோ அதே குழாய்களை இன்னும் சுருக்குகிறது. ஆகையால் குவாரித் தொழிலாளியைப் பரிசோதிக்கிறவர், விரல் வெளுத்திருக்கிறதா என்று மட்டும் பாராமல், இரவில் மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தானைத் தடுமாறாமல் போட முடிகிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.