கூரை வேலைக்கு காண்டிராக்டரை பிடிக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு முழு விவரம்

ராஜபாளையம்,

ஓட்டை பிரித்து இறக்கியாகி விட்டது. அட்வான்சும் கைமாறி விட்டது. மறுநாள் ஆட்கள் வரவில்லை. போன் போட்டால் "சுவிட்ச் ஆப்". வானம் பார்த்த வீட்டுக்குள் அரிசி மூட்டை, கட்டில், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் தார்ப்பாய்க்கு கீழே கிடக்கிறது. கூரை வேலையில் ஏமாறுபவர்களின் நிலைமை இதுதான். மற்ற வேலை நின்று போனால் பொறுத்து கொள்ளலாம். கூரை வேலை பாதியில் நின்றால் அந்த வீட்டில் ஒரு ராத்திரி கூட படுக்க முடியாது.

ராஜபாளையமும், ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்கு தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர்கள். ஆடி மாதம் மலை பக்கம் இருந்து காற்று தூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு பருவமழை கொட்டும். இந்த இரண்டையும் தாங்கினால்தான் அது கூரை. எனவே காண்டிராக்டரை பேசி முடிக்கும் முன் எதை எல்லாம் விசாரிக்க வேண்டும் என்ற விவரம் வருமாறு:-

லைசென்சு உண்டா?

வயரிங் வேலை செய்பவர்களுக்கு தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் லைசென்சு கொடுக்கிறது. வீட்டு வரைபடத்தில் கையெழுத்து போடும் என்ஜினீயருக்கு 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி பதிவு வேண்டும். ஆனால் ஓடு மாற்றுபவர், தகர சீட் அடிப்பவர், சென்ட்ரிங் போட்டு தளம் ஊற்றுபவர் ஆகியோருக்கு என்று தனியாக ஒரு அரசு லைசென்சு கிடையாது. யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்து "ரூபிங் காண்டிராக்டர்" என்று போட்டு கொள்ளலாம். ஆகவே ஒரே ஒரு பேப்பரை பார்த்து நம்பி விட முடியாது. ஒவ்வொரு பேப்பரும் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண்:- இது 15 இலக்கம் கொண்டது. தமிழ்நாட்டுக்கு முதல் 2 இலக்கம் 33. அடுத்த 10 இலக்கம் அவருடைய பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இந்த எண்ணை போட்டால் காசு இல்லாமலே பெயர், விலாசம், பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகி விட்டதா என்று தெரிந்து விடும். சேவை தொழிலில் ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு பதிவு கட்டாயம் இல்லை. எனவே எண் இல்லை என்பதற்காக ஒரு மேஸ்திரியை மோசடிக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணே இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. போட்டு பணம் கேட்டால் அங்கேயே உஷாராகி விட வேண்டும்.

உதயம் சான்று:- சிறு தொழில்களுக்கு 2020-ம் ஆண்டு ஜூலை முதல் தரப்படும் பதிவு இது. இதை தொழில் செய்பவரே ஆன்லைனில் தன் விவரத்தை சொல்லி இலவசமாக எடுத்து கொள்ளலாம். இதை பிரேம் போட்டு மாட்டி இருந்தாலும் அது வேலை தெரியும் என்பதற்கு சாட்சி ஆகாது.

"கவர்மெண்டு காண்டிராக்டர்":- பொதுப்பணித்துறையில் காண்டிராக்டர்களை வகுப்பு வாரியாக பதிவு செய்கிறார்கள். எவ்வளவு தொகை வரை டெண்டர் போடலாம் என்பதற்கான வகுப்பு அது. அப்படி சொல்பவரிடம் பதிவு சான்றையும், அதன் கடைசி தேதியையும் கேட்டு பார்க்கலாம். ரோடு போட்டவருக்கு சீட் அடிக்க தெரியும் என்று அர்த்தம் இல்லை.

நல வாரிய அட்டை:- தமிழ்நாடு கட்டுமான தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ல் தொடங்கப்பட்டது. வேலைக்கு வரும் ஆட்களிடம் இந்த அட்டை இருந்தால் அவர்கள் தொழிலில் இருப்பவர்கள் என்பதற்கு ஒரு அடையாளம்.

பழைய வேலையை போய் பாருங்கள்

பேப்பரை விட பெரிய சாட்சி அவர் ஏற்கனவே போட்ட கூரைதான். செல்போனில் போட்டோ காட்டினால் போதாது. போட்டோ யாருடைய வீட்டில் எடுத்தது என்று யாருக்கு தெரியும்? மூன்று வீட்டு விலாசம் கேட்க வேண்டும். அதில் போன மாதம் முடித்த வேலை வேண்டாம். புது கூரை எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஒரு ஆடி காற்றும், ஒரு ஐப்பசி மழையும் பார்த்த கூரையாக இருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் மூன்றே கேள்வி கேட்டால் போதும். சொன்ன தேதியில் முடித்தாரா? பேசிய தொகைக்கு மேல் கேட்டாரா? ஒழுகியபோது கூப்பிட்டதும் வந்தாரா?

மூன்றாவது கேள்விக்கு "வந்தார்" என்று பதில் வந்தால் அந்த ஆளை தைரியமாக கூப்பிடலாம். ஒழுகாத கூரை போடுபவரை விட, ஒழுகினால் வந்து நிற்பவர்தான் வேண்டும்.

அதோடு அவர் எந்த ஊர், வீடு எங்கே, எந்த கடையில் சாமான் எடுக்கிறார் என்றும் விசாரிக்க வேண்டும். சாமான் கடைக்காரர்களுக்கு யார் பாக்கி வைக்கிறார், யார் நாணயமானவர் என்பது அத்துப்படி. ராம்கோ குழுமம் பிறந்த ஊரான ராஜபாளையத்தில் சிமெண்டும், சீட்டும் யாருக்கும் புதிது இல்லை. ஆனால் எந்த கம்பெனி சீட் வாங்கினாலும், அதை அடிக்கும் கைக்கு கம்பெனி பொறுப்பு ஆகாது.

அவர் கேட்கிறாரா?

வீட்டுக்காரர் கேள்வி கேட்பது ஒரு பக்கம். காண்டிராக்டர் என்ன கேட்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். உதாரணமாக பழைய ஓட்டு வீட்டை தார்சு வீடாக மாற்ற பலர் ஆசைப்படுகிறார்கள். மரச்சட்டத்தோடு சேர்த்து சீமை ஓட்டு கூரை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 65 கிலோதான். 5 இஞ்ச் கான்கிரீட் தளம் சுமார் 310 கிலோ. கிட்டத்தட்ட 5 மடங்கு. மண் சாந்து வைத்து கட்டிய பழைய சுவர் இதை தாங்குமா? சுவரை தட்டி பார்க்காமல், அஸ்திவாரம் பற்றி கேட்காமல், வாசலில் நின்று கொண்டே "சதுர அடி இவ்வளவு" என்று ரேட் சொல்பவரிடம் தளம் வேலையை கொடுக்க கூடாது. அப்படிப்பட்ட மாற்றத்துக்கு பதிவு பெற்ற என்ஜினீயரிடம் காட்டி, நகராட்சி அனுமதியும் வாங்கிய பிறகுதான் கடப்பாரையை எடுக்க வேண்டும்.

மாடியில் ஷெட் போடுவதாக இருந்தால் காற்று பற்றி பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். இந்திய தர நிர்ணய விதியில் மதுரைக்கு சொல்லப்பட்ட அடிப்படை காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். மணிக்கு கணக்கிட்டால் சுமார் 140 கிலோ மீட்டர். காற்று சீட்டை கீழே அழுத்துவதை விட மேலே தூக்குவதுதான் ஆபத்து. பில்லர் அடியில் எப்படி நிறுத்துவீர்கள், குறுக்கு பைப் எத்தனை அடிக்கு ஒன்று, ஸ்குருவுக்கு ரப்பர் வாசர் உண்டா என்று கேட்டால் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

எழுதி வாங்குங்கள்

"நமக்குள்ள எதுக்குண்ணே பேப்பர்?" என்று சிரித்து கொண்டே சொல்வார்கள். நமக்குள் இருப்பதால்தான் பேப்பர் வேண்டும். முத்திரைத்தாளில் இரண்டு பேர் கையெழுத்து, சாட்சி கையெழுத்தோடு எழுதி கொள்வது நல்லது. அதில் இருக்க வேண்டியவை:-

* சதுர அடி கணக்கு தரையில் அளந்ததா, சீட்டில் அளந்ததா? சரிவும், வெளியே நீட்டும் பகுதியும் சேர்ந்தால் அளவு கூடி விடும்.

* லேபர் மட்டுமா, சாமானும் சேர்த்தா?

* சீட் கம்பெனி பெயர், கனம். 0.50 மி.மீ. என்று பேசி 0.40 மி.மீ. இறக்கினால் கண்ணுக்கு தெரியாது. எடையில் தெரிந்து விடும். 0.50 தகடு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 3.9 கிலோ. 0.40 என்றால் சுமார் 3.1 கிலோ. வளைவு உள்ள சீட்டில் இரண்டுமே கொஞ்சம் கூடும்.

* இறக்கிய பழைய ஓடு, தேக்கு சட்டம் யாருக்கு? இதில்தான் கடைசியில் சண்டை வரும்.

* தளம் என்றால் எத்தனை நாள் தண்ணீர் விடுவது, முட்டு எப்போது பிரிப்பது? தர விதிப்படி பி.பி.சி. சிமெண்டுக்கு வெயில் காலத்தில் 14 நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். முட்டை சாதாரண சிமெண்டில் 4.5 மீட்டர் அகலம் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் கழித்தே எடுக்கலாம்.

* ஆள் தவறி விழுந்தால் வைத்திய செலவு யார் பொறுப்பு? இடுப்பு பெல்ட், கயிறு யார் கொண்டு வருவது?

பணத்தை மொத்தமாக தூக்கி கொடுக்க கூடாது. சாமான் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, வேலை பாதியானதும் ஒரு பங்கு என்று பிரித்து, செக்காகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கை முதல் மழை பெய்து முடியும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி எழுதி கொள்ளலாம். புது சாமான் வாசலில் வந்து இறங்கும் முன் பழைய கூரையில் கை வைக்க விட கூடாது.

ஏமாந்து விட்டால்?

வீடு கட்டி தரும் வேலையும் "சேவை"தான் என்று லக்னோ வளர்ச்சி குழும வழக்கில் 1993-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. இப்போது அமலில் உள்ள 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்திலும் வீடு கட்டும் வேலை சேவையாக சேர்க்கப்பட்டுள்ளது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் செயல்படுகிறது. எனவே இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அலைச்சல் குறைவு. கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் வழக்கு கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வக்கீல் வைத்து கொள்வது கட்டாயம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.

ஆரம்பத்தில் இருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு அட்வான்சு வாங்கி கொண்டு ஓடி இருந்தால் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பழைய 420-வது பிரிவுக்கு பதிலாக 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு வந்து விட்டது. வேலை தாமதம், வேலை மோசம் என்பதற்கு மட்டும் இந்த பிரிவு பொருந்தாது. அதற்கு நுகர்வோர் கோர்ட்டுதான் வழி.

எங்கே போனாலும் முதலில் கேட்பது பேப்பரைத்தான். ஒப்பந்தம், பில், வங்கி ரசீது, பிரித்த நாளிலும் ஒழுகிய நாளிலும் எடுத்த போட்டோ ஆகியவற்றை ஒரே பையில் போட்டு பீரோவில் வைத்திருக்க வேண்டும். அந்த பை கையில் இல்லாவிட்டால், போட்ட பணத்தை கேட்கவும் வாய் இருக்காது.