எலுமிச்சைத் தோலுக்குள்ள இருக்கிற எண்ணெய் - கல்வராயன் அடிவாரத்துலேர்ந்து ஒரு சின்ன சரித்திரம்



செவ்வாய், வெள்ளியில ராகு கால நேரத்துல நம்ம கள்ளக்குறிச்சி பக்கம் ஏதாவது ஒரு அம்மன் கோவிலுக்குப் போய்ப் பாருங்க. பெண்கள் எலுமிச்சம்பழத்தைப் பாதியா நறுக்கிப் பிழிஞ்சு, மூடியைக் குடல் திருப்புற மாதிரி திருப்பி, அதுல நெய் ஊத்தித் திரி போட்டு துர்க்கைக்கு ஏத்துவாங்க. அப்படித் திருப்பும்போது வழவழன்னு இருக்கிற மேல் தோல் உள்பக்கம் போயிடும். திரி சாய்ஞ்சு தோலைத் தொட்டா 'சடசட'ன்னு சின்னதா பொறி பறக்கும். அந்தப் பொறிதான் இந்தப் பதிவோட நாயகன்.

பொறிக்குக் காரணம் தோலோட குட்டிக் குட்டிப் புள்ளிகள்ல இருக்கிற எண்ணெய். அந்த எண்ணெய்ல பெரும்பங்கு லிமோனீன்ங்கிற ஒரு பொருள். 50 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும். சின்ன வயசுல ஆரஞ்சுத் தோலை மடக்கி மெழுகுவர்த்தியில பீய்ச்சி வேடிக்கை பார்த்தவங்களுக்கும், பலூன் மேல பீய்ச்சி 'டப்'னு வெடிக்க வச்சவங்களுக்கும் விளக்கம் இதுதான். முதலாவது தீப்பிடிக்கிற குணம், ரெண்டாவது ரப்பரைக் கரைக்கிற குணம்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஆரஞ்சுங்கிற பேரே நம்ம பக்கத்துலேர்ந்து போனதுன்னு மொழி அறிஞர்கள் சொல்றாங்க. திராவிட மொழிகள்ல இருக்கிற நாரம், நாரத்தை, சமஸ்கிருதத்துல நாரங்க ஆகி, பாரசீகத்துல நாரங், அரபியில நாரஞ்ச், ஸ்பானிஷ்ல நாரஞ்சா, கடைசியில இங்கிலீஷ்காரன் வாயில ஆரஞ்சு! புறநானூற்றுல, அதியமான் இறந்தப்போ ஔவையார் பாடின பாட்டுல, அவன் கையில நரந்தம் மணக்கும்னு ஒரு குறிப்பு உண்டு. அந்த நரந்தம் நாரத்தையா, வாசனைப் புல்லா, கஸ்தூரியான்னு இன்னும் வாதம் ஓடுது. எதுவானாலும் அதியமானோட தகடூர், அதாவது இன்னைக்கு தர்மபுரி, நம்ம மலைக்கு ரொம்ப தூரம் இல்லை.

2018-ல வெளிவந்த மரபணு ஆய்வு ஒண்ணு இந்தக் குடும்பத்தோட பூர்வீகம் இமயமலையோட தென்கிழக்கு அடிவாரம்னு சொல்லுது. அசாம், வட மியான்மர், யுன்னான் பக்கம். அங்கேர்ந்து கிளம்பின நாலஞ்சு ஆதிப் பழங்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்து பிறந்ததுதான் நாம சாப்பிடுற எல்லாம். இங்க ஒரு முக்கியமான விஷயம். நாம எலுமிச்சைன்னு சொல்ற சின்ன, மெல்லிய தோல் பழம் வெள்ளைக்காரன் சொல்ற லெமன் இல்லை, அது லைம். லெமன் வேற சாதி: தடித்த தோல், நீள வடிவம், ரெண்டு பக்கமும் மூக்கு. கடையில 'லெமன் ஆயில்'னு வாங்குற பாட்டில் நம்ம எலுமிச்சையோட எண்ணெய் கிடையாது. ரெண்டோட குணமும் ஒண்ணு இல்லை. ஏன்னு கீழே வரும்.

எண்ணெய் எடுக்கிறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு பிழியறது. இத்தாலியில சிசிலி, கலாப்ரியா பக்கம் தோலைக் கடற்பஞ்சு மேல அமுக்கி, பஞ்சு குடிச்ச எண்ணெயைப் பிழிஞ்சு எடுத்தாங்க. ரெண்டாவது ஆவியில வடிக்கிறது. மேற்கிந்தியத் தீவுகள்ல லைம் சாறு வியாபாரம் பெருசானப்போ இந்த முறையும் கூடவே வளர்ந்துச்சு. பிழிஞ்ச எண்ணெய் பழ வாசனையோட இருக்கும், வடிச்சது குளிர்பானம், மிட்டாய் வாசனையில இருக்கும். 100 கிலோ பழத்துலேர்ந்து சில நூறு கிராம்தான் கிடைக்கும். அதனாலதான் இந்த விலை.

1709-ல ஜெர்மனியோட கொலோன் நகரத்துல ஃபாரினாங்கிற இத்தாலியக் குடும்பம் இந்த எண்ணெய்களைச் சாராயத்துல கலந்து ஒரு வாசனைத் தண்ணி வித்துச்சு. நம்ம வீடுகள்ல காய்ச்சலுக்கு நெத்தியில பத்து போட்ட 'ஓடிகொலோன்' அதோட வாரிசுதான். அந்தப் பாட்டில்தான் பின்னால ஒரு நோய்க்கும் பேர் வாங்கிக் குடுத்துச்சு. 1916-ல ஃப்ராய்ண்டுங்கிற மருத்துவர், கொலோன் தடவிட்டு வெயில்ல போனவங்களுக்குத் தோல்ல கருப்புக் கோடுகள் விழறதை எழுதி வச்சார். தண்ணி வழிஞ்ச வழியிலேயே கோடு! காரணம் அதுல இருந்த பெர்கமாட் எண்ணெய். அதுல இருக்கிற சோராலன் வகைப் பொருள் தோல்ல இருக்கும்போது வெயிலோட புற ஊதாக் கதிர் பட்டா, தீக்காயம் மாதிரி ஆகிடும்.

நம்ம எலுமிச்சைத் தோலிலயும் அதே சோராலன் தாராளமா இருக்கு. சித்தம் கலங்கினவங்க தலையில எலுமிச்சம்பழம் தேய்ச்சாத் தெளியும்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு இல்லையா? முகம் வெளுக்கும்னு மூடியைத் தேய்ச்சுக்கிறதும் உண்டு. தேய்ச்சுட்டு நிழல்ல இருந்தா சரி. சித்திரை வெயில்ல களை எடுக்கப் போனா? உடனே ஒண்ணும் தெரியாது. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுச் சிவந்து, கொப்புளம் வந்து, அப்புறம் அந்த இடம் கருத்துப் போய் மாசக்கணக்குல நிக்கும். ரெண்டு நாள் கழிச்சு வர்றதாலதான் யாரும் எலுமிச்சையைச் சந்தேகப்படுறதில்லை. பழி சாப்பாட்டு மேலயோ, கண் திருஷ்டி மேலயோ போயிடும்.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். பக்கத்துச் சேர்வராயன் மலைக்குக் காபியையும் ஆரஞ்சையும் கொண்டு வந்தவர்னு 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்னைச் சொல்வாங்க. ஏற்காடு ஊரானது அப்படித்தான். கல்வராயன் கதை வேற. 1976-ல அரசாங்கம் எடுத்துக்கிற வரைக்கும் மலை மூணு ஜாகீர்தார்கள் கையில. மலையாளி பழங்குடி மக்கள் கூலியில்லாத வெட்டி வேலை செஞ்சாங்க. கடுக்காயும் புளியும் தேனும் இறங்கிச்சு. கடுக்காய் தோல் பதனிடவும் மருந்துக்கும் போச்சு. பொருளோட மதிப்பு எப்பவும் அடிவாரத்துக்குக் கீழேதான் தெரிஞ்சுது. விழுப்புரம் மாவட்டத்துல திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோவில்ல, 2024 பங்குனி உத்திரத்துல, வேல்ல குத்தின 9 எலுமிச்சம்பழம் ரெண்டு லட்ச ரூபாய்க்கு மேல ஏலம் போச்சு. விளைய வச்சவருக்குக் கிடைச்சது சந்தை விலைதான் :-)

மலையிலேயே எண்ணெய் எடுத்தா என்னன்னு தோணும். தோணட்டும், நல்ல யோசனைதான். ஆனா 2024 ஜூன் மாசத்தை மறந்துட்டு அதைப் பேச முடியாது. கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு, மாவட்டத்துல 60 பேருக்கு மேல இறந்தாங்க. மெத்தனால் தொழிற்சாலைக் கரைப்பான். பார்க்கத் தண்ணி மாதிரி, வாடையும் சாராயம் மாதிரிதான். தகரமும் பேரும் இல்லாம கை மாறுற திரவம் என்ன செய்யும்னு இந்த ஊருக்கு வேற யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எலுமிச்சை எண்ணெய் அந்த அளவு விஷம் இல்லை. ஆனா அதுவும் கரைப்பான்தான், சாப்பாட்டுப் பொருள் மாதிரி மணக்கிற கரைப்பான். அதான் ஆபத்து. அதனால கையாளும்போது சில விஷயங்கள்:

பாட்டில் மேல பேர், எடுத்த முறை (பிழிஞ்சதா, வடிச்சதா), தேதி எழுதாம வைக்காதீங்க. பழைய குளிர்பான பாட்டில்ல கண்டிப்பா ஊத்தாதீங்க. குழந்தைக்குச் சர்பத்துன்னு தோணும். யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும். பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

தோல்ல நேரா தடவக்கூடாது. பிழிஞ்ச லைம் எண்ணெய்க்கு உலக வாசனைத் தொழில் சங்கம் வச்சிருக்கிற அளவு, வெயில் படுற தோல்ல 0.7 சதவீதம். 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 4 சொட்டுன்னு வச்சுக்குங்க. லெமனுக்கு 2 சதவீதம், பெர்கமாட்டுக்கு 0.4. வடிச்ச லைம் எண்ணெய்லயும் சாத்துக்குடி வகை இனிப்பு ஆரஞ்சு எண்ணெய்லயும் இந்த வெயில் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. சோராலன் ஆவியில ஏறாது. முன்னாடி 'ஏன்னு கீழே வரும்'னு சொன்னது இதுதான்.

குளிக்கிற தண்ணியில சொட்டு விட்டா கரையாது, மிதந்து வந்து தோல்ல ஒட்டி எரியும். அடுப்பு, விளக்குப் பக்கம் பாட்டிலைத் திறக்காதீங்க. பழுப்புக் கண்ணாடி பாட்டில்ல, இறுக்க மூடி, குளிர்ச்சியான இடத்துல வைங்க. காத்துப் பட்டுப் பழசான லிமோனீன்தான் தோல் ஒவ்வாமையை அதிகம் தர்றது. வருஷக்கணக்குல வச்சதைத் தரை துடைக்கக்கூட வேண்டாம், கை படும். வீட்டுல பூனை இருந்தா அது படுக்கிற அறையில இந்த வாசனை வேண்டவே வேண்டாம். பூனைக்கு அது ஒத்துக்காது.

ராகு கால விளக்கு ஏத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மூடியைத் திருப்பின கை எண்ணெய்க் கை. நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வெயில்ல இறங்குங்க. துர்க்கை கோவிச்சுக்க மாட்டா.